அவர் வர, காபி வந்தது

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், போடிநாயக்கனூரில் என் அக்கா கணக்குப் பார்க்கும் ஏலக்காய்க் கொட்டகையில், ஒருவர் பெயருக்குக் கீழே இன்னொருவரின் கூலி வந்து நின்றது. யாரும் திருடவில்லை. யாரும் தப்பாகக் கூட்டவுமில்லை. செல்போன் திரையில் பெயர் சரியாக இருந்தது, தொகை வேறு ஒருவருடையது.

அது தரம் பிரிக்கிற கொட்டகை. மலையில் காயவைத்து வரும் ஏலக்காயைச் சல்லடையில் சலித்து 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று பிரித்த பிறகும் கண்ணுக்கும் விரலுக்கும் வேலை மிச்சமிருக்கும். வெடித்தது, வெளுத்தது, பூச்சி அரித்துச் சொறிபிடித்தது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். உட்கார்ந்து பொறுக்குபவர்கள் அத்தனை பேரும் பெண்கள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் எங்கள் ஊரிலும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மாவட்டத்துப் புத்தடியிலும் நடக்கிறது. காய்க்கு விலை கம்ப்யூட்டர் திரையில் ஏறி இறங்க, அதைப் பொறுக்கிய கையின் கணக்கு மட்டும் கோடு போட்ட நோட்டில் கிடந்தது. அந்த நோட்டைத்தான் அக்கா மகள் செல்போனுக்கு மாற்றினாள்.

அவளுக்கு 24 வயது. வீட்டில் இன்னும் பாப்பாதான். கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இணையப் பக்கங்களில் நாம் பார்க்கிற, தொடுகிற முகப்பை எழுதும் வேலை. அம்மாவுக்குச் சிரமம் குறையட்டும் என்று ராத்திரிகளில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைச் செய்திருந்தாள். பெயரைத் தொட்டால் அந்த வாரம் பொறுக்கிய கிலோவும் சேர வேண்டிய கூலியும் வரும்.

அந்தச் சனிக்கிழமை கூலி குறைந்தது, கொட்டகையில் எல்லோரும் மதினி என்று கூப்பிடும் ஒருவருக்கு. அங்கே அவர் கைதான் வேகமான கை. "இது என் கணக்கு இல்ல" என்றார். கதவுக்குப் பின்னால் சுவரில் அவர் கிலோவுக்கு ஒன்று என்று கரியால் கோடு போட்டு வைத்திருந்தார். அவர் எப்போதும் அப்படித்தான், நோட்டுக் காலத்திலிருந்தே. அக்கா திரையைக் காட்டி, "என்ன மதினி பண்றது, செல்லுல இப்படித்தான் காட்டுது" என்றாள். மதினி சுவரைக் காட்டினார். அக்கா திரையைக் காட்டினாள். பிறகு மதினி கொடுத்ததை வாங்கிக்கொண்டு போனார். திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

செமஸ்டர் விடுமுறைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். செவ்வாய் ராத்திரி பாப்பா லேப்டாப்போடு திண்ணையில் உட்கார்ந்திருக்க, துணைக்கு நானும் உட்கார்ந்தேன். என் படிப்பு தமிழ் இலக்கணம். அவள் எழுதுவது எதுவும் எனக்குப் புரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அவள் சொல்லித்தந்ததை என் வார்த்தையில் சொல்கிறேன். திரையை ஒரே துண்டாக எழுதுவதில்லை. பெயர்ப் பட்டியல் ஒரு கூறு, கூலிக் கட்டம் ஒரு கூறு. ஒவ்வொன்றும் தன் கையிலிருக்கும் விவரத்தைப் பார்த்துத் தன்னை வரைந்துகொள்ளும். விவரம் மாறினால் திரும்ப வரையும். வரைவதோடு நின்றால் தொந்தரவில்லை. ஆனால் சில வேலைகளுக்கு அது தன் எல்லையைத் தாண்டி வெளியே போக வேண்டியிருக்கிறது. எங்கோ இருக்கும் சர்வரிடம் கணக்குக் கேட்பது, நிமிடத்துக்கு ஒருமுறை மணி அடிக்கவிடுவது, எதையாவது பதிந்துவைப்பது. இவற்றுக்குப் பெயர் சைடு எஃபெக்ட், பக்கவிளைவு. (அவள் அந்தச் சொல்லைச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு நான் விழுங்கிய மாத்திரைகளும், தலைசுற்றலைச் சொன்னபோது "அது அப்படித்தாம்மா இருக்கும்" என்ற பதிலும்தான்.)

பாப்பா பயன்படுத்தும் கருவி ரியாக்ட். ஃபேஸ்புக்காரர்கள் செய்து 2013இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதில் முன்பு இந்த வெளிவேலைகளை மூன்று இடங்களில் பிரித்து எழுதுவார்களாம்: கூறு திரையில் தோன்றிய பின், மாறிய பின், மறையும் முன். 2019 பிப்ரவரியில் வந்த பதிப்பில் யூஸ்எஃபெக்ட் என்ற ஏற்பாடு வந்தது. என்ன செய்ய வேண்டும், பிறகு அதை எப்படிக் கலைக்க வேண்டும், எது மாறினால் மறுபடி செய்ய வேண்டும் என்பதை ஒரே இடத்தில் எழுதலாம். அந்த 'எது மாறினால்' என்பதற்குத்தான் ஒரு சதுர அடைப்புக்குறி. அதற்குள் பெயர்களை அடுக்குகிறார்கள். அடைப்புக்குறியே வைக்காமல் விட்டால் ஒவ்வொரு முறை வரையும்போதும் வேலை ஓடும். காலியாக வைத்தால் தோன்றும்போது மட்டும். பெயர் எழுதினால், தோன்றும்போது ஒருமுறையும், பிறகு அந்தப் பெயருக்குரியது மாறும்போதெல்லாமும்.

முதல் வாரமே அவள் அடைப்புக்குறியை மறந்திருந்தாள். பக்கம் வரையப்பட்டது, கணக்குக் கேட்டது, கணக்கு வந்தது, வந்ததால் மறுபடி வரைந்தது, வரைந்ததால் மறுபடி கேட்டது. அக்காவின் செல்லில் அன்றைக்கான ஒன்றரை ஜிபி டேட்டா மத்தியானத்துக்குள் தீர்ந்துபோனது. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. எது அசைந்தாலும் தொடக்கத்திலிருந்து ஓடும் ஒருத்தியை நான் வருடக்கணக்காகக் கண்ணாடியில் பார்த்துவருகிறேன்.

"அடைப்புக்குறிக்குள்ள எதைப் போடணும்னு நீயாத்தான முடிவு பண்ற?" என்று கேட்டேன்.

"இல்ல சித்தி. அங்கதான் எல்லாரும் தப்புப் பண்றாங்க. அது என் இஷ்டம் இல்ல. உள்ள எதை எல்லாம் பார்த்து வேலை நடக்குதோ, அதை எல்லாம் எழுதியே ஆகணும். மறைச்சா ஒருநாள் மாட்டிப்போம்."

அவளே மாட்டியிருந்தாள். பக்கம் கிலோவையும் கூலி விகிதத்தையும் பெருக்கித் தொகை சொல்லும். அவள் எழுதிய வேலை பார்த்தது இரண்டையும். அடைப்புக்குறிக்குள் எழுதியது கிலோவை மட்டும். எழுதும்போதே பிழை காட்டும் கருவி ஒன்று மஞ்சள் கோடிட்டு எச்சரித்திருக்கிறது. அந்த வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொள் என்று அதற்கு ஒரு குறிப்பு எழுதிவிடலாமாம். எழுதிவிட்டாள். நவம்பரில் ஒரு புதன்கிழமை கூலியைக் கொஞ்சம் கூட்டினார்கள். அக்கா புது விகிதத்தை ஏற்றிய பிறகும் திரை பழைய விகிதத்திலேயே பெருக்கிக்கொண்டிருந்தது. நல்லவேளை, ராத்திரிக்குள் கண்டுபிடித்துவிட்டாள். பட்டியலைத் திருத்தியதோடு அவள் நிறுத்தவில்லை, அந்த வேலையையே எடுத்துவிட்டாள். கையில் கிலோவும் விகிதமும் இருக்கும்போது பெருக்குவதற்கு வெளியே போக வேண்டியதே இல்லை, வரையும்போதே பெருக்கிக்கொள்ளலாம். ரியாக்டின் ஆவணத்திலேயே 'உனக்கு எஃபெக்ட் தேவைப்படாமல் இருக்கலாம்' என்று தனியாக ஒரு பக்கம் இருக்கிறதாம். அதைத்தான் முதலில் படித்திருக்க வேண்டும் என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். இரண்டு பட்டியல்களில் அச்சு மாறாமல் அதே பெயர்கள் இருந்தாலும், இரண்டாவது புதிதாகச் செய்யப்பட்டதென்றால் ரியாக்டுக்கு அது வேறு. உள்ளே இருப்பதைப் பார்க்காது. அதே புளிக்குழம்பைக் கிண்ணம் மாற்றி வைத்தால் புதுக்குழம்பு என்று நினைத்து மறுபடி இலை போடும். இது எழுதத் தொடங்குகிறவர்களை ரொம்பவே அலைக்கழிக்குமாம்.

பேசிக்கொண்டிருக்கும்போது அம்மா வந்து உட்கார்ந்தார். முப்பது வருடத்துக்கு மேல் மலைக்குக் காயெடுக்கப் போனவர். விடிவதற்கு முன் ஜீப், போடிமெட்டு ஏறும் 17 கொண்டை ஊசி வளைவுகள், எல்லை தாண்டிக் கேரளத்து எஸ்டேட். ஏலச்செடியில் வேர்ப்பக்கமாகத் தரையை ஒட்டிச் சரம் ஓடும். ஒரே சரத்தில் பூவும் இருக்கும், பிஞ்சும் இருக்கும், எடுக்கிற பருவத்துக் காயும் இருக்கும். எல்லாம் ஒன்றாக விளையாது. அதனால்தான் ஒரே செடிக்கு நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருவார்கள். பிஞ்சைக் கிள்ளினால் காயவைக்கும்போது சுருங்கிப்போகும். பழுக்கவிட்டால் வெடிக்கும். ஆனால் சாயங்காலம் எடை போடும்போது பிஞ்சும் எடைதான். பின்னால் நிற்கும் கங்காணிக்கு வேகம்தான் தெரியும். நான் பள்ளி விடுமுறையில் ஒரு வருடம் கூடப் போனேன். பயத்தில் எல்லாவற்றையும் உருவினேன். அம்மா என் கையைப் பிடித்து, "காயப் பாத்து எடு, கங்காணியப் பாத்து எடுக்காத" என்றார்.

அந்த வாக்கியம் எனக்கு மறந்தே போயிருந்தது. கை எதைப் பார்த்து நீள வேண்டும் என்பதைத்தான் அந்த அடைப்புக்குறிக்குள் எழுதுகிறார்கள் என்று அன்று ராத்திரி தோன்றியது. பாப்பாவிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிட்டத்தட்ட" என்றாள். அவள் அப்படித்தான், ஒரு உவமையை முழுதாக ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் சொன்னதும் சரிதான். நிரல் எதைப் பார்க்கிறதோ அதை மறைக்காமல் எழுத வேண்டும் என்பது அவள் விதி. அம்மா சொன்னது எதைப் பார்க்க வேண்டும் என்பது.

எனக்கு வழி காட்டியது வினையெச்சம். வகுப்பில் வருடா வருடம் நடத்துகிறேன். 'அவள் வந்து அமர்ந்தாள்' என்றால் வந்தவளும் அமர்ந்தவளும் ஒருத்தியே. செய்து என்னும் எச்சம் அதே வினைமுதலின் வினையைக் கொண்டுதான் முடியும். 'அவள் வர, விளக்கு எரிந்தது' என்றால் வந்தது ஒருத்தி, எரிந்தது வேறொன்று. செய என்னும் எச்சம் பிறிதொன்றின் வினையையும் ஏற்கும். தொல்காப்பியர் வினையியலில் இந்தக் கோட்டைத் தெளிவாகக் கிழித்திருக்கிறார். பாப்பா எழுதுவதெல்லாம் செய என்னும் எச்சங்கள். பெயர் மாற, கணக்கு வந்தது. பக்கம் திறக்க, வருகை பதிவானது.

இந்த எச்சத்தில் ஒரு வசதி உண்டு. 'அவர் வர, காபி வந்தது.' இலக்கணப்படி பிழையில்லாத வாக்கியம். காபியைக் கொண்டுவந்தவள் அதில் எங்குமில்லை. 'விருந்தாளி வர, இலை விழுந்தது.' 'குழந்தை அழ, பால் சூடாயிற்று.' இந்திய அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்கிற பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் அந்த வேலையைச் செய்கிறவர்களே நாலில் ஒருவர் அளவுதான். அந்த 299 நிமிடத்தில் எத்தனை நிமிடம் 'வர, வந்தது' என்கிற வாக்கியத்துக்குள் போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மறுபடி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். பாப்பா காரணத்தைக் கண்டுபிடித்தபோது மணி பதினொன்று. அக்கா முதலில் தவறுதலாக மேலேயிருந்த பெயரைத் தொட்டிருக்கிறாள். அது கண் மங்கிய ஒரு பாட்டியின் பெயர், அவரால் கொஞ்சம்தான் பொறுக்க முடியும். உடனே திருத்தி மதினியின் பெயரைத் தொட்டாள். பக்கம் பாட்டியின் கணக்கைக் கேட்க ஒரு கோரிக்கையையும் மதினியின் கணக்கைக் கேட்க இன்னொன்றையும் அனுப்பியது. இரும்புக் கதவும் தகரக் கூரையுமான கொட்டகைக்குள் சிக்னல் தடுமாற, இரண்டாவது போனது முதலில் திரும்பிவிட்டது. மதினியின் தொகை ஒரு நொடி சரியாக நின்றது. பிறகு, பிந்திப்போன முதல் பதில் வந்து அதை அழித்துவிட்டுப் பாட்டியின் தொகையை எழுதியது. மேலே பெயர் மதினி. கீழே தொகை பாட்டியுடையது.

"அடைப்புக்குறி சரியாத்தான் இருக்கு சித்தி. பெயர் மாறினா ஓடணும், ஓடிருக்கு. முதல்ல போனதை ரத்துப் பண்ணலை. அதான்."

அம்மா இருட்டிலிருந்து சொன்னார்: "கடைக்குச் சீனி வாங்க ஒரு புள்ளைய அனுப்புற. உடனே உப்புதான் வேணும்னு இன்னொண்ண அனுப்புற. மொதப் புள்ளைய வேணாம்னு கூப்பிட வேணாமா? அது சீனிய வாங்கியாந்து உப்புச் சட்டில கொட்டாம என்ன பண்ணும்?"

"அதே அம்மாச்சி" என்றாள் பாப்பா. இந்த உவமைக்கு அவள் கிட்டத்தட்ட என்று சொல்லவில்லை.

திருத்தம் நாலைந்து வரிதான். யூஸ்எஃபெக்டுக்குள் எழுதும் வேலை, முடிவில் ஒரு கலைப்பு வேலையையும் திருப்பித் தரலாம். பெயர் மாறியவுடன், புது வேலை தொடங்கும் முன், பழையதன் கலைப்பு ஓடும். கூறு திரையிலிருந்து மறையும்போதும் ஓடும். அதற்குள் ஒரு சின்னக் குறிப்பு: இனி இந்தக் கோரிக்கைக்கு வரும் பதிலை ஏற்காதே. போன பிள்ளை திரும்பி வரலாம், சீனியைச் சட்டியில் கொட்ட முடியாது. கோரிக்கையையே வழியில் நிறுத்தவும் ஏற்பாடு உண்டாம். அதையும் சேர்த்தாள். பிறகு சிக்னலை வேண்டுமென்றே மந்தமாக்கி, பெயர்களை மாற்றி மாற்றித் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் எண்ணினேன், நாற்பதுக்கு மேல் தொட்டாள்.

தூங்கப் போகும் முன் இன்னொன்றையும் மாற்றினாள். அதுதான் என்னோடு கூடவே மதுரைக்கு வந்தது. ஒருவரின் பக்கம் திறந்தவுடன் அன்றைக்கு அவர் வேலைக்கு வந்ததாகப் பதிவாகும்படி எழுதியிருந்தாள். காலி அடைப்புக்குறி, தோன்றும்போது ஒருமுறை. ஆனால் எழுதிச் சோதிக்கும்போது ஒரே ஆளுக்கு இரண்டு வருகை பதிவானது. 2022 மார்ச்சில் வந்த ரியாக்ட் 18இல், கண்டிப்பு முறையில் சோதிக்கும்போது, கூறைத் தோன்றவைத்து, மறையவைத்து, மறுபடி தோன்றவைத்துப் பார்க்கிறது. கலைப்பு சரியாக எழுதியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். பயன்படுத்துகிறவர்கள் கையில் அப்படி நடக்காது. பலர் எரிச்சலில் அந்தச் சோதனையையே நிறுத்திவிடுகிறார்களாம். அவளும் முதலில் அதைத்தான் செய்திருந்தாள். இப்போது யோசித்துப் பார்த்தால், யாருடைய கணக்கையாவது பார்க்க அக்கா பக்கத்தைத் திறந்தாலே அவர் வந்ததாகப் பதிவாகும். ஒருத்தி காய்ச்சலில் படுத்திருந்த மூன்று நாளும் அப்படி வருகை ஏறியிருந்தது. அதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.

"வந்தேன்னு சொல்றது அவங்க செய்யிற காரியம் சித்தி. திரையில தெரிஞ்சதால நடக்கிற காரியம் இல்ல. அதை எஃபெக்ட்ல வெச்சதே தப்பு." வருகைப் பதிவை எடுத்து ஒரு பொத்தானில் வைத்தாள். அவரவர் வந்து, அவரவர் விரலால் அழுத்த வேண்டும்.

நான் மதுரையில் கல்லூரி முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், வீட்டுக்குள் நாலு பேருக்குப் பசி எடுக்கும். அதுவரை எடுக்காத பசி. யாரும் கெட்டவர்கள் இல்லை. நான் தோன்றுகிறேன், வேலை ஓடுகிறது. யாரும் கேட்பதுகூட இல்லை, நானும் சரி என்று சொல்வதில்லை. கவிதைகளை நான் பெரும்பாலும் கல்லூரிப் பேருந்தில்தான் எழுதியிருக்கிறேன். அங்கே என்னைப் பார்த்ததும் யாருக்கும் எதுவும் ஞாபகம் வராது. ஜனவரியில் ஒருநாள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கூடத்தில் அமைதி. கொஞ்ச நேரம் கழித்து என் மகன், "அம்மா, காபி போடுறியா?" என்றான். கேட்டானே என்றிருந்தது. "இல்ல, நீ போடு" என்றேன். போட்டான். சீனி அதிகம்.

புதன்கிழமை காலையில் அக்காவும் நானும் மதினி வீட்டுக்குப் போனோம். அக்காவுக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. வாசலிலேயே நின்று, பாக்கித் தொகையை நீட்டி, "ஒங் கோடுதான் சரி மதினி" என்றாள். "அதத்தான் அன்னைக்கே சொன்னேன்" என்று வாங்கிக்கொண்டார். உட்காரச் சொல்லவில்லை. நாங்கள் கொட்டகைக்குத் திரும்பி அரைமணி நேரத்தில் வந்துவிட்டார்.

பாப்பா செல்லை நீட்டிப் பொத்தானைக் காட்டினாள். "அத்தை, நீங்களே அமுக்குங்க. நீங்க அமுக்கினாத்தான் ஏறும்." மதினி விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அழுத்தினார். தன் பெயரையும், அதற்குக் கீழே வந்த தொகையையும், மாறுகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தபடி நின்றார். மாறவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். முதல் கிலோ முடிந்ததும் எழுந்து கதவுக்குப் பின்னால் போய்க் கரித்துண்டைத் தேடினார்.

அக்கா எதுவும் சொல்லவில்லை. சுவரை மறைத்துக்கொண்டு கிடந்த காலிச் சாக்குகளை இழுத்து அந்தப் பக்கம் போட்டாள்.